‘சர்க்கரை நோயாளிகளுக்கான குக்கீ’ என்னும் பொய்

திருவனந்தபுரம் ஆரியசாலையின் மொத்த வியாபாரக் கடையொன்றில் ‘சர்க்கரை’ என்று கேட்பவருக்கு எது கிடைக்கும் என்பது, அவர் எந்த மொழியில் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம்; வெள்ளைச் சீனிக்கு அங்கே பஞ்சசாரை என்று பெயர். தமிழிலோ வெல்லத்தைக் குறித்த பழைய பொருள் சர்க்கரைப் பொங்கலில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்க, மற்ற இடங்களிலெல்லாம் சீனி அந்தச் சொல்லைக் கைப்பற்றிவிட்டது. நோய்க்கும் அதே கதி. மலையாளி ‘பிரமேகம்’ என்கிறார். சித்த மருத்துவ நூல்கள் ‘நீரிழிவு’, ‘மதுமேகம்’ என்கின்றன. பேச்சுத் தமிழ் மட்டும் ‘சர்க்கரை நோய்’ என்று பெயரிட்டு, குற்றவாளி யார் என்பதைப் பெயரிலேயே தீர்ப்பாக எழுதிவிட்டது. குற்றவாளி வெள்ளைச் சீனி என்று ஆனபின், அதை வெளியேற்றிய எந்தப் பண்டமும் நிரபராதி. டிசம்பர் மாதம் தோறும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் விற்பனைக்கு வரும் ‘டயபெடிக் குக்கீஸ்’ என்ற பண்டத்தின் மொத்த வணிகமும் இந்தப் பெயர்க் குழப்பத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தக் குக்கீயின் விளம்பர வாசகங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும்: மைதா இல்லை, சீனி இல்லை, கேழ்வரகும் கருப்பட்டியும் மட்டும், ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் அச்சமின்றி உண்ணலாம். இவற்றைப் பரப்புவோரில் வீட்டில் அடுமனை நடத்தும் பெண்கள் மட்டுமில்லை. மரபுணவு குறித்துக் கட்டுரை வாசிக்கும் பேராசிரியர்களும், சிறுதானியத்தை அடையாள அரசியலின் கொடியாக ஏந்தும் ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள். ‘மரபு’ என்ற சொல் வந்ததும் எடைத்தட்டை ஓரமாக வைத்துவிடும் பழக்கம் கல்விப்புலத்தில்தான் அதிகம். ஆ. மாதவனின் கதைகள் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த சாலைக் கடைத்தெருவில் எந்த வணிகரும் அப்படிச் செய்யமாட்டார்.

எடை போட்டுப் பார்த்தால் என்ன ஆகிறது? ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சேர்மான அட்டவணைப்படி, 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 74 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு. கேழ்வரகில் 67 கிராம். நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. இந்த வேறுபாடு உண்மையானது, மறுக்க வேண்டியதில்லை. இனி ஒரு சாதாரண வெண்ணெய்க் குக்கீயை எடுத்துக்கொள்ளலாம். மைதா 200 கிராம், சீனி 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், நாற்பது உருண்டை. ஒன்றில் 6.2 கிராம் கார்போஹைட்ரேட். அதே அளவில் மைதாவுக்குப் பதில் கேழ்வரகு, சீனிக்குப் பதில் கருப்பட்டி. கருப்பட்டியில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரைதான், அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். இப்போது ஒன்றில் 5.6 கிராம். ஆக, மைதாவையும் சீனியையும் நாடு கடத்தி, மண்ணின் மரபை மீட்டெடுத்துக் கிடைத்த லாபம் ஒரு குக்கீக்கு அரை கிராமும் சொச்சமும்.

மரபை மீட்காமல், மைதாவையும் கைவிடாமல், சீனியை மட்டும் பாதியாகக் குறைத்தால்? ஏறத்தாழ 5 கிராம். நோயாளிகளுக்கென்று விற்கப்படும் கேழ்வரகு–கருப்பட்டிக் குக்கீயைவிட, பாதிச் சீனி போட்ட மைதாக் குக்கீயில் கார்போஹைட்ரேட் குறைவு. இதை எந்தப் பெட்டியும் சொல்லாது. சொன்னால் விலையை இரட்டிப்பாக்க முடியாது.

‘சுகர் ஃப்ரீ’ வகையையும் இதே தட்டில் வைக்க வேண்டும். சீனியே இல்லாமல், ஸ்டீவியாவோ சுக்ரலோஸோ சேர்த்த முழு மைதாக் குக்கீ ஒன்றில் 3.7 கிராம். குறைவுதான். ஆனால் சாதாரணக் குக்கீ ஒன்றோடு நிறுத்தியிருக்கக்கூடியவர் ‘சீனியே இல்லையே’ என்று இரண்டாவதை எடுக்கும்போது கணக்கு 7.4 ஆகிவிடுகிறது. மைதா தின்றவர் உடலில் மைதாவும் குளுக்கோஸாகத்தான் முடியும்; ‘சுகர் ஃப்ரீ’ என்ற சொல் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள், 100 கிராம் பண்டத்தில் சர்க்கரைகள் 0.5 கிராமுக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. மாவு எவ்வளவு என்பது அதற்குள் வராது. சட்டம் ஒரு சிறு உண்மையைச் சொல்ல அனுமதித்தது. வணிகம் அதைப் பெரும்பொய்யாக ஊதியது.

சிறுதானிய ஆதரவாளர்களிடம் வலுவான சான்று இல்லாமலில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான பகுப்பாய்வு, சிறுதானியங்களின் சராசரி கிளைசெமிக் குறியீடு தீட்டிய அரிசி, சுத்திகரித்த கோதுமை ஆகியவற்றைவிடக் கணிசமாகக் குறைவு என்றது; தொடர்ந்து உண்பவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்ததையும் காட்டியது. ஆனால் அந்த நன்மை, அன்றாடம் தட்டில் விழும் சோற்றின் இடத்தில் சிறுதானியம் வந்தபோது கிடைத்தது. சோற்றையும் உண்டு, அதன்மேல் வெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்த கேழ்வரகுக் குக்கீயையும் உண்பவருக்கு அந்த ஆய்வு எந்த உறுதியும் தரவில்லை. தானியம் முழுதாக இருப்பதும் மாவாக அரைபடுவதும் வேறு வேறு. நுண்மையாக அரைக்க அரைக்கச் செரிமானம் விரைகிறது.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு திருப்பமும் உண்டு. வெண்ணெய்க் குக்கீயின் கிளைசெமிக் குறியீடு, அதே மைதாவில் செய்த வெள்ளை ரொட்டியைவிடப் பொதுவாகக் குறைவு. ரொட்டி மாவில் தண்ணீர் நிறைய. வேகும்போது ஸ்டார்ச் துகள்கள் நீர் குடித்து உப்பிக் கூழாகின்றன, செரிப்பது எளிதாகிறது. குக்கீ மாவில் தண்ணீர் மிகக் குறைவு. துகள்களில் பெரும்பகுதி முழுதாக வேகாமலே நின்றுவிடும். கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எனவே ‘எங்கள் குக்கீ லோ ஜிஐ’ என்று பெருமை பேசுவோர், சாதாரணக் குக்கீக்கும் பெரிதும் பொருந்துகிற ஒன்றைத் தமது தனிச்சாதனையாக விற்கிறார்கள். குறியீடு வேகத்தைச் சொல்லும்; அளவைச் சொல்லாது. ஆறு குக்கீ மெதுவாகச் செரித்தாலும் ஆறு குக்கீதான். கேழ்வரகு–கருப்பட்டிக் கணக்கில் அது 34 கிராம் கார்போஹைட்ரேட். ஏறத்தாழ மூன்று இட்லிக்குச் சமம், இட்லியில் இல்லாத வெண்ணெயும் கூட.

இனிப்பூட்டிகளைப் பற்றிய சண்டை தனி. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று பரிந்துரைத்தவுடன், ‘நீரிழிவு நோயாளிகளுக்கு ஸ்டீவியா விஷம்’ என்று பகிர்வுகள் பறந்தன. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதே ஆவணம் சொல்லியிருப்பதைப் பகிர்ந்தவர்கள் படிக்கவில்லை. மறுபக்கம், மால்டிடால் சேர்த்த குக்கீயை ‘பூஜ்யம்’ என்று விற்பவர்கள், அது ஓரளவு உறிஞ்சப்பட்டு ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதையோ, அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்பதையோ சொல்வதில்லை.

இந்தப் பொய்க்கு வயது அதிகம். இன்சுலின் 1921இல் டொராண்டோவில் கண்டறியப்படுவதற்கு முன்பே, ஸ்டார்ச் நீக்கிய ‘குளூட்டன் ரொட்டி’ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீரிழிவு நோயாளிகளுக்கென்று விற்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் அத்தகைய பண்டங்களை வாங்கிச் சோதித்தபோது, பலவற்றில் சாதாரண ரொட்டி மாவுக்குச் சற்றே குறைவான ஸ்டார்ச் இருந்தது. நோயாளி அந்த ரொட்டியை நம்பித் தின்றார். அன்று அவருக்கு மருந்தும் கிடையாது. ஜெர்மனியில் நிலைமை இன்னும் சுவையானது. கிறிஸ்துமஸ் குக்கீகளின் தாயகமான அந்நாட்டில், சீனிக்குப் பதில் ஃப்ரக்டோஸ் போட்ட ‘நீரிழிவு’ இனிப்புகள் பல்லாண்டு காலம் தனி அடுக்கில் விற்கப்பட்டன. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனி உணவு என ஒன்று தேவையில்லை, மற்றவர்களுக்கான சமச்சீர் உணவே அவர்களுக்கும் என்று அறிவியல் அமைப்புகள் சொன்ன பிறகு, 2010இல் விதி திருத்தப்பட்டது. 2012 அக்டோபரோடு அந்த வகைமையே முடிவுக்கு வந்தது. பிரிட்டனில் 2016 முதல் எந்த உணவின் மேலும் ‘நீரிழிவு உணவு’ என்று எழுதக் கூடாது. ஐரோப்பா குப்பையில் போட்ட லேபிளை எடுத்து, தூசி தட்டி, அதன்மேல் கருப்பட்டிப் படம் ஒட்டி ‘நம் பாரம்பரியம்’ என்று கொண்டாடுவதில் யாருக்கும் கூச்சமில்லை.

கூச்சம் வர வேண்டிய இடம் கேரளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையின் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2023இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில், இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. வயதுவந்தோரில் நால்வரில் ஒருவர். ஆரியசாலையில் ஒரு தட்டு குக்கீயைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்தால், சராசரிக் கணக்கில் இருவருக்கு நோய் இருக்கும். அங்கிருந்து அதிக தூரமில்லாத நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம், நோய் வரும் அபாயமுள்ள 1,007 பேரைத் தேர்ந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அண்டை வீட்டார் குழுக்கள் மூலம் ஓராண்டு தொடர்ந்து துணை நின்றது. இரண்டாண்டு முடிவில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. புள்ளியியல்படி உறுதி சொல்லப் போதாத வேறுபாடு. பயிற்சி பெற்றவர்கள் மாதக்கணக்கில் உழைத்தும் இவ்வளவுதான் அசைக்க முடிந்த ஒரு நோயை, ஒரு மாவு மாற்றம் வென்றுவிடும் என்று சொல்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

பொய்யின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் அந்த லேபிளை நம்பி நாலைந்து குக்கீயைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார். இரவில் சர்க்கரை ஏறுகிறது. மறுநாள் தன் மனவுறுதியின்மையைத்தான் நொந்துகொள்கிறார், பெட்டியை நொந்துகொள்வதில்லை. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போது, பதற்றத்தில் வீட்டார் கையில் கிடைத்த ‘சுகர் குக்கீ’யைக் கொடுப்பார்கள். அந்நேரம் தேவை 15 கிராம் குளுக்கோஸ், அல்லது சீனி கரைத்த தண்ணீர். வெண்ணெய் நிறைந்த எந்தக் குக்கீயும் அவ்வேளையில் தாமதமே. ‘சுகர்’ என்ற ஒரே சொல் நோய்க்கும் பண்டத்துக்கும் மருந்துக்கும் பெயராகிவிட்ட வீட்டில் இந்தத் தடுமாற்றம் வியப்பில்லை.

பிறகு அந்தத் தனித் தட்டு. பண்டிகை வீட்டில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கேக்கும் நடுவில் இருக்க, “மாமா, உங்களுக்கு இது, தனியா எடுத்து வச்சிருக்கேன்” என்று ஒரு சிறு தட்டு நீளும். அன்பில் நீளும் தட்டுதான். அதை வாங்குபவர் அந்தக் கூடத்தில் நோயாளியாகிறார். பேரப்பிள்ளைகள் தொடாத பண்டத்தை அவர் மட்டும் மெல்கிறார். பிறகு அடுக்களையில் யாருமில்லாத வேளையில் முந்திரிக்கொத்தைத் தேடிப் போகிறார். மறைத்துத் தின்பதை யாரும் எண்ணுவதில்லை, தின்பவர் உட்பட. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைப் பேசும் சமூகம், ஒருவரை அளக்க முடியாத மூலைக்குத் தள்ளிவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைக்கிறது.

இதே ஆரியசாலைக் கோயிலில்தான் நவராத்திரி நாட்களில் வேளிமலைக் குமாரசுவாமி வந்து தங்குகிறார். அப்போது தமிழ் வீடுகளில் ஒன்பது நாளும் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் சுண்டலாகின்றன. யாருக்கும் தனித் தட்டு இல்லை, எந்த லேபிளும் இல்லை. ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை அதைவிட நல்ல பண்டிகைப் பண்டம் அரிது. பொதுவானது என்பதாலேயே அதை யாரும் ‘நோயாளி உணவு’ என்று விற்க முயலவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சுண்டல் கொடுத்துவிடலாம் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. குக்கீ வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதை எல்லோருக்குமாக ஒரே தட்டில் சுடலாம் என்பதே செய்தி.

சுடுவதற்கு முன் சீனி அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இனிப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அடுப்பில் உருகி மாவைப் பரவவிடுவது, மொறுமொறுப்புத் தருவது, நிறமேற்றுவது, குளூட்டன் இறுகாமல் மென்மை காப்பது எல்லாம் அதன் வேலைதான். ஆகவே சீனியை அடியோடு நீக்கி ஸ்டீவியாப் பொடி தூவினால் வருவது வெளிறிய மாவுக்கட்டி. எரித்ரிட்டால் பருமன் தரும். ஆனால் சிவக்காது, நாக்கில் குளிர்ச்சி தட்டும். சீனியைப் பாதியாக்குவதோ எளிது. பரவல் குறையும் என்பதால் உருண்டையைக் கையால் தட்டையாக்க வேண்டும். நிறம் குறையும் என்பதால் சிவக்கட்டும் என்று காத்திருந்து கருக்கிவிடக் கூடாது. ஏலக்காய், ஜாதிக்காய், சுக்கு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் மணம் நாக்கை ஓரளவு ஏமாற்றும். ஒரு சிட்டிகை உப்பும் உதவும்.

மாவை மாற்ற விரும்பினால் கேழ்வரகைவிடக் கடலைமாவு நல்ல துணை. கடலைப்பருப்பில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 47 கிராம்தான், நார்ச்சத்து 15 கிராம். நானகட்டாய் சுடுபவர்களுக்கு இந்தக் கலவை புதிதில்லை. மைதா 100 கிராம், கடலைமாவு 100 கிராம், பொடித்த சீனி 50 கிராம், வெண்ணெய் 100 கிராம், ஏலக்காய், உப்பு. கடலைமாவைப் பச்சை வாடை போகச் சிறுதீயில் வறுத்து ஆறவைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் என்ன மணம் சேர்த்தாலும் பயனில்லை. வெண்ணெயும் சீனியும் குழைத்து, மாவு சேர்த்து, நாற்பதாகப் பிரித்து, 170 டிகிரியில் கால் மணி நேரம். நாற்பதாகப் பிரிப்பதில் கண்ணை நம்பாமல் தராசை நம்ப வேண்டும். உருண்டை ஒவ்வொன்றும் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். சாதாரணக் குக்கீயைவிடக் கொஞ்சம் சிறிது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றில் கார்போஹைட்ரேட் 4.3 கிராம், ஏறத்தாழ 40 கலோரி. வெண்ணெயின் கொழுப்பு அப்படியே இருக்கிறது; நீரிழிவோடு இதயத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டியவர்கள் இதை மறக்கக் கூடாது. எத்தனை உண்பது என்பதை அவரவர் மருந்தும், அந்த வேளைச் சோற்றின் அளவும், குளுக்கோமீட்டரும் முடிவு செய்யட்டும். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி ரத்தம் சொல்வதை எந்தப் பேராசிரியரும் பெட்டியில் அச்சிட்டுத் தர முடியாது.

விற்பவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. நோயைப் போக்கும், தணிக்கும் என்ற தொனியில் உணவை விளம்பரம் செய்வதை 2018 விதிகள் ஏற்கெனவே தடுக்கின்றன. தண்டனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கண்ணாடிப் பேழையிலிருந்து எடுத்து நிறுத்துத் தரும் பேக்கரிப் பண்டத்தில் பெரும்பாலும் எந்த அட்டவணையும் இருப்பதில்லை. அங்கே ‘டயபெடிக்’ என்ற சீட்டைக் கிழித்துவிட்டு எண்ணை எழுதலாம். சிறுதானியக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், தேநீர் இடைவேளையில் வைக்கும் குக்கீத் தட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம். ஆய்வு மாணவர் ஒருவருக்குத் தராசும் அட்டவணையும் அரை மணி நேரமும் போதும். சீட்டு இப்படி இருக்கட்டும்: ‘மைதா, கடலைமாவு, வெண்ணெய், சீனி, ஏலக்காய். ஒன்றின் எடை 8 கிராம். ஒன்றில் கார்போஹைட்ரேட் 4.3 கிராம், அதில் சீனி 1.25 கிராம்.’